வாசகர் கேள்வி – பதில்: உப்பில்லா விரதமும் லித்தியம் மாத்திரையும்

கேள்வி: மகனுக்கு வயது 24. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து போன மாதம்தான் வீடு திரும்பினான். பைபோலார் (மனம் மிதமிஞ்சிக் கிளர்வதும் சோர்வதுமாக மாறும் நோய்) என்று சொல்லி, மனநிலையைச் சீராக வைக்க லித்தியம் கொடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறான். கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள் ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நிறுத்தக் கூடாது அம்மா. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் சில வாரங்களிலேயே நோயின் பழைய வேகம் திரும்பி வரலாம். அதைவிடப் பலருக்குத் தெரியாத ஆபத்து, மாத்திரையை விழுங்கிக்கொண்டே உப்பை விடுவது. சிறுநீரகத்துக்கு லித்தியமும் உப்பிலுள்ள சோடியமும் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பில் உப்பு குறைந்தால் இருப்பதை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லித்தியமும் கூடவே தங்கிவிடும். டர்பன் தைப்பூசமோ ஜனவரி, பிப்ரவரி கோடை வெயிலில் வருகிறது. வெறுங்காலில் காவடி தூக்கி வேர்வை கொட்டினால், விழுங்கியது வழக்கமான அளவாகவே இருந்தாலும் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும்.

இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பொதுவாகப் பார்த்துக்கொள்வார்கள். 1.5 தாண்டினால் நஞ்சாகும். கை வெடவெடவென்று நடுங்குவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறுவது, குடித்தவர் போலத் தள்ளாடுவது ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும், டாக்டரும் தேவையில்லாமல் அளவைக் குறைத்துவிடுவார்.

தலைவலி, உடம்புவலிக்கு பனாடோ (பாராசிட்டமால்) போதும். புரூஃபன், வோல்டாரன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். நம் வீடுகளில் சகஜமாகப் புழங்கும் மைப்ரோடால் வலி மருந்திலும் ஐபுபுரூஃபன் இருக்கிறது; அதுவும் லித்தியத்தை ஏற்றிவிடும். அதேபோல் வீட்டில் யாருடைய பிரஷர் மாத்திரையையும் 'ஒன்றுதானே' என்று அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வேளை மாத்திரை தவறினால், அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்க வேண்டாம்.

நேர்த்தியை அடுத்த வருடம் செலுத்தட்டும், முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார். இந்த வருடம் மாமிசத்தையும் மதுவையும் விட்டு, உப்போடு மூன்று வேளையும் சாப்பிட்டு, தண்ணீரும் நிறையக் குடித்து விரதம் இருக்கட்டும். ஆனால் விடிய விடிய பஜனையில் உட்கார வைக்காதீர்கள். பைபோலாரைக் கிளப்பிவிடுவதில் தூக்கம் கெடுவதற்கு முக்கியப் பங்கு உண்டு. இரண்டு இரவு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு களைப்பே இல்லாமல் அவன் சுற்றினால், மூன்றாம் நாள் வரை பார்த்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 21 வயது, மனச்சிதைவு நோய் என்கிறார்கள். எங்களிடம் டாக்டர் எதுவும் சொல்ல மறுக்கிறார். அவளும் மாத்திரையைத் துப்பிவிடுகிறாள்.
– ஒரு தந்தை, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வயது வந்தவள் என்பதால் அவள் சம்மதமில்லாமல் டாக்டர் சொல்ல முடியாது, ஐயா. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்கத் தடையில்லை. தேதி, தூக்கம், சாப்பாடு, தனியே பேசிக்கொள்வது, எத்தனை வேளை மாத்திரை தவறியது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவள் தெளிவாக இருக்கும் நாளில், உங்களிடம் பேசலாம் என்று எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். மாத்திரையால் எடை ஏறுகிறதா, உடம்பு விறைக்கிறதா என்றும் கேளுங்கள். துப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்; மருந்தை மாற்றலாம். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் போடும் ஊசியும் உண்டு. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று அவள் சொன்னால் வாதாட வேண்டாம், "பயமாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டால் போதும்.

நோய் முற்றி, சிகிச்சையையும் மறுத்து, தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை வந்தால், தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மனநல சிகிச்சைச் சட்டப்படி, அவள் சம்மதமில்லாமலே சிகிச்சை கொடுக்கும்படி பெற்றோரே விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரியில் அதற்கான எம்எச்சிஏ 04 படிவம் கேளுங்கள். விண்ணப்பிப்பவர் கடந்த ஏழு நாளுக்குள் அவளை நேரில் பார்த்திருக்க வேண்டும். அவளைப் பார்க்காமல் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் கையெழுத்திட்டால் அங்கேதான் சிக்கும். மனநல சிகிச்சையாளர் இருவர் தனித்தனியே பரிசோதித்து, தேவையென்றால் 72 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். கத்தி எடுக்கும் அளவுக்குப் போனால் போலீஸ் அவசர எண் 10111-ஐ அழையுங்கள். அந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி போலீஸ் அவளை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள்.

கேள்வி: மகன் வேலைக்குப் போக முடியவில்லை. சாசா (அரசின் சமூக உதவி அமைப்பு) தரும் உதவித்தொகை கிடைக்குமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குறைந்தது ஆறு மாதம் வேலை செய்ய முடியாத நிலை என்றால், 18 முதல் 59 வயது வரை கேட்கலாம். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நோயின் பெயர் மட்டும் எழுதியிருந்தால் மறுத்துவிடுவார்கள். கூட்டத்தில் நிற்க முடியாதது, சொன்ன வேலை மறந்துபோவது, காலையில் மருந்து மயக்கம் தெளியாதது எல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.