குறைமாதக் குழந்தை: எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? (கேள்வி பதில்)

கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது டிஸ்சார்ஜ் ஆன குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆராய்ச்சிகள் சொல்வதை நான் சொல்லலாம். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் வார்த்தை அதற்கு மேல்.

கேள்வி: சிஸ்டர், பையன் 30 வாரத்தில் பிறந்தான். ஆறு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் குப்புற விழவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பா நாலு மாதத்திலேயே விழுந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாவை விடுங்கள். 40 வாரத்துக்குப் பிறக்க வேண்டியவன் 10 வாரம் முன்னாடி வந்திருக்கிறான், அந்த 10 வாரத்தைக் கழியுங்கள். ஆறு மாதம் என்பது 26 வாரம், கழித்தால் 16 வாரம், அதாவது நாலு மாதம்கூட நிறையவில்லை. இதைத்தான் திருத்திய வயது என்கிறோம். சிரிப்பது, கழுத்து நிற்பது, உட்காருவது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகத் திருத்திய வயதிலும் தள்ளிப்போனால் "குறைமாதம்தானே, மெதுவாக வரும்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. கை எப்போதும் இறுக மூடியே இருப்பது, தூக்கினால் கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் குறுக்கே போவது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, இதில் எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். மூன்றிலிருந்து ஐந்து மாதத் திருத்திய வயதில் குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது கைகால்களை எப்படி அசைக்கிறது என்பதை வீடியோ எடுத்துப் பார்த்தே மூளை வாதத்தின் (மூளை பாதிப்பால் கைகால் அசைவு கெடும் நிலை) சாயல் இருக்கிறதா என்று பயிற்சி பெற்றவர்கள் பெருமளவு சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹைன்ஸ் பிரெக்டல் என்பவர் வளர்த்தெடுத்த முறை அது.

கேள்வி: அப்போ தடுப்பூசியையும் 10 வாரம் தள்ளிப் போடணுமா?

வேண்டாம். ஊசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடும் ஊசிகளில் டாக்டர் சின்ன மாற்றம் செய்யலாம், அவ்வளவுதான்.

கேள்வி: 1,600 கிராமில் பிறந்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனை என்று தேதி போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் பார்க்கிறான், 80 கிலோமீட்டர் போக வேண்டும். கட்டாயமா?

கட்டாயம் தம்பி. இதற்கும் பிறந்த தேதிதான் கணக்கு, ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் ஓரத்தைத் தொடும். முன்னாடியே பிறந்தால் வளர்ச்சி பாதியில் நின்று அப்புறம் தாறுமாறாகக் கிளம்பலாம், முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றுமே தெரியாது. 1940களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள், காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 1951இல் மெல்போர்ன் குழந்தை மருத்துவர் கேட் கேம்பெல், இன்குபேட்டரில் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். அது உறுதியானதும் பயத்தில் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள்; பார்வை தப்பியது, மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் கூடினார்கள். உங்கள் பையன் காலில் சிவப்பு விளக்கோடு ஒட்டியிருந்த சின்னக் கருவி, ஆக்சிஜன் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ளத்தான்.

மேலை நாடுகளில் பொதுவாக ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே உள்ளவர்களைப் பார்க்கிறார்கள். இந்தியாவில் அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் வருவதால் 2 கிலோவுக்குக் குறைவு அல்லது 34 வாரத்துக்கு முன் என்றாலே பார்க்கச் சொல்கிறோம், பிறந்து 30 நாளுக்குள். 28 வாரத்துக்குள் பிறந்த, அல்லது 1,200 கிராமுக்குக் கீழான குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. கண்ணில் சொட்டு விட்டு, துணியில் சுற்றி, சின்னக் கம்பி வைத்து இமையை விலக்குவார்கள். பிள்ளை வீறிடும், வெளியே நிற்கிற அம்மா அதைவிட அழுவார். சில நிமிட வேலைதான். நோய் முற்றப் போகிறது என்று தெரிந்தால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் முடித்தாக வேண்டும், அதனால்தான் தேதியில் இவ்வளவு கறார்.

கேள்வி: மார்போடு அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். மாமியார் குளிர் ஏறிவிடும் என்கிறார்.

குளிர் ஏறாது, உங்கள் உடம்புதான் ஹீட்டர். கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிவைத்தது இது. ஏழை நாட்டுக்கான மாற்று ஏற்பாடு என்று வெகுநாள் நினைத்தார்கள். 2021இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு (இந்தியாவும் நாலு ஆப்பிரிக்க நாடுகளும், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள்) அதைப் புரட்டிப் போட்டது. உடல்நிலை சீராகும் வரை காத்திருந்து அணைத்த பிரிவில் முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதம், பிறந்தவுடனே தொடங்கிய பிரிவில் 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவானதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டு, தவளைபோல் கால் மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் குளிக்கப் போகும்போது அப்பா வைத்துக்கொள்ளலாம். மாமியாரையே ஒரு மணி நேரம் வைத்திருக்கச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் திருப்பித் தர மாட்டார்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை தங்காது, ஏழு மாதம் தங்கும் என்கிறார்களே?

நம் ஊரில் மட்டும் இல்லை, 2,000 வருடத்துக்கு முந்தைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலேயே இது இருக்கிறது. அங்கேயும் தப்பு, இங்கேயும் தப்பு. ஒவ்வொரு வாரம் கூடுதலாக உள்ளே இருப்பதும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான்.

கேள்வி: படிப்பு வருமா? இணையத்தில் படித்துத் தூக்கமே போய்விட்டது. (33 வாரம்)

நீங்கள் படித்தது பெரும்பாலும் எபிக்யூர் ஆய்வாக இருக்கும். 1995இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரம் முடியுமுன் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள், ஆறு வயதில் 22 சதவீதத்தினருக்குக் கடுமையான குறைபாடு இருந்தது. உங்கள் பிள்ளை 33 வாரம், பிறந்தது வேறு காலம். அந்த எண்ணை அவன் மேல் ஒட்டாதீர்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் கணக்கு, கவனம் ஆகியவற்றில் சிரமம் சற்று அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் வருகிறது, உண்மைதான், ஆனால் அது கூட்டத்தின் சராசரி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், போதும்.

இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது பேச்சு. அமெரிக்காவில் பெட்டி வோர் குழுவினர் என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த குழந்தைகளின் சட்டைக்குள் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். கருவான கணக்கில் 32 வாரம் ஆனபோதே, அம்மா அப்பா வந்து பேசினால் குழந்தை கூடுதலாகக் குரல் கொடுத்தது; அதிகம் பேச்சுக் கேட்ட குழந்தைகள் பின்னால் மொழிச் சோதனையில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். சும்மா "சோறு வடிக்கிறேன் சாமி, வெயில் வந்துருச்சு" என்று பேசினாலே போதும். டிவி பேசுவது இதில் சேராது.

கேள்வி: எண்ணெய்க் குளியல், உரமருந்து, கழுதைப்பால், வாக்கர்?

எடை ஏறி டாக்டர் சரி சொன்னபின் எண்ணெய் தடவலாம், மென்மையாகத் தடவிவிட்டால் எடை கூடுகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. மூக்கிலும் காதிலும் மட்டும் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். மற்ற மூன்றும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தனியாரில் தெரபிக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், டெய்க் என்றால் புரியும். இயன்முறை, பேச்சு, கண், காது எல்லாம் அங்கே இலவசம். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, தலை ஸ்கேன், கண் பரிசோதனைத் தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள், முடிந்தால் குழந்தை விளையாடும் வீடியோவும். அங்கே போனதும் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும்.