டப்பாவில் குழம்பு, பேக்கேஜில் 'டீடாக்ஸ்': ஒரு கர்ப்பிணியின் கவலை

சிங்கப்பூர் ஈசூன் வாசகி கேட்கிறார்: "ஐந்து மாதக் கர்ப்பம், ஆண் குழந்தை. தினமும் மதியம் சுடச்சுடக் குழம்பு பிளாஸ்டிக் டப்பாவில்தான். பிள்ளையின் ஹார்மோன் கெடும் என்று சொல்லி, ஒருவர் 680 வெள்ளிக்கு 'டீடாக்ஸ்' (நச்சு நீக்கும்) பொடி தருகிறார். முகக் கிரீம் இலவசமாம். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் கலக்கக்கூடிய வேதிப்பொருள்களான பிஸ்பினால் ஏ (பிபிஏ), தாலேட் இரண்டும் ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். எந்தப் பொடியும் அதை வேகப்படுத்தாது. வயிற்றில் பிள்ளையோடு பேர் தெரியாத பொடியைக் குடிப்பதுதான் ஆபத்து.

தாலேட், சிசுவின் விரையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கக்கூடும். ஆண் உறுப்பு வடிவெடுக்கும் கர்ப்பத்தின் 8 முதல் 14 வாரம் வரைதான் அதற்கு முக்கியமான கட்டம், அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆய்வுகள் காட்டுவது பல பிள்ளைகளின் சராசரி. உங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. பிறந்ததும் விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். ஆறு மாதத்திலும் இறங்காவிட்டால் அறுவை நிபுணரிடம் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

இனிமேல் எவர்சில்வர் தூக்கைக் கடையில் நீட்டுங்கள். மறந்துவிட்டால், வந்ததும் குழம்பைப் பீங்கானுக்கு மாற்றிவிட்டுச் சூடாக்குங்கள். 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்றால் டப்பா உருகாது என்றுதான் பொருள். அடியில் முக்கோணத்துக்குள் 3 அல்லது 7 என்ற எண் இருந்தால் சூடான, எண்ணெய்ப்பசையான உணவுக்கு வேண்டாம். 'பிபிஏ இல்லை' என்ற ஒட்டுத்தாளை நம்பிவிடாதீர்கள். பல பொருள்களில் அதன் தம்பியான பிஸ்பினால் எஸ் இருக்கிறது. ஒன்றைத் தடுத்தால் அடுத்ததைப் போடுகிறார்கள், சட்டம் ஆண்டுக்கணக்கில் பின்னால் ஓடிவருகிறது. சோப்பு, லோஷனில் 'வாசனை' என்ற ஒரே சொல்லுக்குள் தாலேட் உட்பட என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று கர்ப்பிணியா ஆராய்ச்சி செய்வாள்? வாசனையற்றதை வாங்குங்கள்.

எனக்குப் பெரிய பயம் அந்த இலவசக் கிரீம்தான். இணையத்தில் விற்கும் சிவப்பழகுக் கிரீம்களில் பாதரசமும் குளோபெட்டசால் என்ற கடும் ஸ்டீராய்டும் இருந்ததாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் இரண்டு நாளில் போகாது. ஸ்டீராய்டு வேறு வகை: வாரக்கணக்கில் தடவினால் உடம்பு தனக்குத் தேவையான கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும்; திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல் வரலாம். ஓரிரு முறை தடவியிருந்தால் அப்படியே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கானால் தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள்; கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய், எத்தனை நாள், எங்கெங்கே தடவினீர்கள் என்று சொல்லுங்கள்.