எக்செல் கோப்பைப் பவர் பிஐ (கணக்கைப் படமாக வரைந்து காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) வொர்க்ஸ்பேஸில் ஏற்றினால் எந்தப் பிழையும் காட்டவில்லை, ஆனால் மாதக் கணக்கு மட்டும் தப்பாக வருகிறது. ஏன்?

மொத்தம் சரியாக வந்து மாதக் கணக்கு மட்டும் தப்பாக வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள். உங்களுடையதும் பில் போடும் மென்பொருளிலிருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுத்து, எக்செலில் திறந்து, சேமித்து ஏற்றிய கோப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் கணக்குப் பார்க்கிறேன். தினமும் யார் எத்தனை கிலோ ஷீட் போட்டார்கள், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) எவ்வளவு, அன்றைய விலை என்ன என்று ஒரு வருடத்துக்குப் பல ஆயிரம் வரிகள் சேரும். 2023 கணக்கு முழுவதையும் பவர் பிஐயில் போட்டு மாதவாரியாகப் பட்டை வரைந்து முதலாளியிடம் காட்டினேன். பன்னிரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே உயரம். மொத்தக் கிலோ பேரேட்டோடு ஒத்துப்போனதால் அவருக்கும் சந்தோஷம், வருஷம் பூரா வியாபாரம் சீராக இருக்கிறது, கூடுதலாக ஒரு குடோன் எடுக்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

எடை போடும் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பால்வெட்டு பார்த்துவிட்டு வந்தவர். "மக்கா, மாசியில மரம் எல்லாம் இலை உதிர்ந்து மொட்டையா நிக்கும்லா, அப்ப இவ்வளவு ஷீட்டு எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிப்ரவரி, மார்ச்சில் வெட்டே பாதி நிற்கும், ஜூன் மழையில் பல நாள் மரத்தைத் தொடவே முடியாது, மார்கழி தையில் ஷீட் குவியும். சீரான பட்டை வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். என் லேப்டாப்பில் விண்டோஸின் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. 05/02/2023 என்ற பிப்ரவரி 5ஐ எக்செல் மே 2 ஆக்கிவிட்டது. 13/02/2023 வந்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஆக 365 நாளில் 144 நாள் மட்டும் தேதியாக நின்றது, 221 நாள் எழுத்தாகிப்போனது. அந்த 144லும் ஒவ்வொரு மாதத்துக்கும் எல்லா மாதத்திலிருந்தும் ஒரு நாள் போய்ச் சேர்ந்ததால்தான் பட்டை எல்லாம் ஒரே உயரமாக வந்தது. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் அந்தத் தேதிக் காலத்தை (நெடுவரிசையை) தேதி வகைக்கு மாற்றியபோது பிழை இருக்கிறது என்று ஒரு அறிவிப்பு வந்தது, நான் மூடிவிட்டேன். பிழையுள்ள வரிகள் தேதி மட்டும் வெறுமையாக ஏறின. மொத்தம் சரியாக வந்ததற்குக் காரணம் அதுதான். படத்தில் பெயரில்லாமல் ஒரு நெட்டைப் பட்டை நின்றது, பார்க்க நன்றாக இல்லை என்று அதையும் வடிகட்டி எடுத்துவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

டேட்டாபேஸ் போட வேண்டியதுதானே, இன்னும் எக்செலா என்று சாஃப்ட்வேர் ஆட்கள் யாராவது வருவீர்கள். கடையில் இருப்பது நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே சொந்தக்காரர்கள் பார்க்கும் இடமெல்லாம் "இன்னும் டெக்னோபார்க் போகலியா, ரப்பர் கடையிலேயா இருக்க?" என்று திருவனந்தபுரத்து ஐடி வளாகத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே திருவனந்தபுரம் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பினால்தான் அது வேலையா? ஊரில் இருந்து ஊர்க் கணக்கைப் பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். எக்செலில் தேதிக் காலத்தைப் பாருங்கள், யாரும் இடம் வலம் மாற்றி வைக்காமல் இருந்தால் தேதி வலது ஓரமாகவும் எழுத்து இடது ஓரமாகவும் நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் என் கதைதான். அந்தக் கோப்பைத் திருத்த உட்காராதீர்கள், பழைய சிஎஸ்வியையே எடுத்து, எக்செலில் திறக்காமல் நேரடியாகப் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் கொண்டுவாருங்கள். அது தானாகச் செய்யும் வகை மாற்றத்தை நீக்கிவிட்டு, காலத்தின் தலைப்பில் வலது க்ளிக் செய்து, சேஞ்ச் டைப் என்பதில் யூஸிங் லோக்கேல் எடுத்து, டேட், இங்கிலீஷ் இந்தியா என்று கொடுங்கள். பிறகு வொர்க்ஸ்பேஸுக்குப் பப்ளிஷ் செய்யுங்கள். பெயர்கள் தமிழில் இருந்தால் சிஎஸ்வி யூடிஎஃப்-8ஆக (தமிழ் எழுத்தும் கெடாமல் சேமிக்கும் முறையில்) இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் கேள்விக்குறியாக வரும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ஆள் பெயரையும் தொகையையும் எடுத்துவிட்டு, தேதிக் காலத்தில் 10ஆம் தேதியிலிருந்து 15ஆம் தேதி வரை உள்ள வரிகளை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.