ஜிபிஜியில் கையெழுத்துப் போட்ட பிறகு ஓப்பன்எஸ்சிக்கு அட்டை தெரியவில்லை

உங்கள் ஸ்மார்ட் கார்டு ரீடர் கெட்டுப்போகவில்லை, புனலூர் கடைக்காரர் சொன்னார் என்று புதுசு வாங்கிவிடாதீர்கள். ஜிபிஜியில் (குறியாக்கத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்துக்குமான மென்பொருள்) கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓப்பன்எஸ்சிக்கு (ஸ்மார்ட் கார்டுகளைக் கையாளும் இன்னொரு மென்பொருள்) அட்டை தெரியாமல் போகிறது, ரீடரைப் பிடுங்கிச் செருகினால் திரும்ப வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதும்.

ஜிபிஜிக்குப் பின்னால் எஸ்சிடீமன் என்று ஒரு நிரல் ஓடுகிறது. அது தன் சொந்த டிரைவரால் ரீடரை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், வேலை முடிந்தாலும் லேசில் விடாது. ஓப்பன்எஸ்சியோ பிசிஎஸ்சிடி என்ற பொதுவான ரீடர் சேவை வழியாக வருவது. ஒரே பம்பில் ஒருவர் குடத்தை எடுக்காமல் நின்றால் அடுத்தவர் என்ன செய்வார்?

சோதிக்க: அட்டை மறைந்திருக்கும்போது ரீடரைத் தொடாமல், ஜிபிஜிகான்ஃப் கட்டளையில் கில் போட்டு எஸ்சிடீமனை மட்டும் நிறுத்துங்கள். அட்டை உடனே தெரிந்தால் காரணம் இதுதான்.

சரி, நிரந்தரத் தீர்வு. ஹோம் ஃபோல்டரில் ஜிபிஜியின் மறைந்த ஃபோல்டருக்குள் எஸ்சிடீமனுக்கான கான்ஃப் ஃபைலில் 'டிசேபிள்-சிசிஐடி' என்று ஒரு வரி சேருங்கள், அப்புறம் எஸ்சிடீமனை மறுபடி நிறுத்துங்கள். இனி இரண்டும் பிசிஎஸ்சிடி வழியாகவே போகும்.

அப்படியும் மோதினால் அட்டையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் 'பிசிஎஸ்சி-ஷேர்டு' என்ற வரி இருக்கிறது, ஆனால் யோசித்துப் போடுங்கள். அட்டை தனக்கு மட்டுமே என்று நினைத்து எஸ்சிடீமன் சில விவரங்களை நினைவில் வைத்துக்கொள்வதால் அது ஆபத்தானது என்று ஜிபிஜி கையேடே எச்சரிக்கிறது.

இதெல்லாம் முடியும்வரை பின் நம்பரை அடித்துப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. ஓப்பன்பிஜிபி அட்டையில் 3 தடவை தவறினால் பின் நம்பர் பூட்டிக்கொள்ளும்.