நன்றாக நடக்கிற பிள்ளைக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை எதற்கு?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு மார்க்கியோ நோய் (ஒரு என்சைம் குறைவதால் எலும்புகள் சரியாக வளராத பரம்பரை நோய்). வாரந்தோறும் என்சைம் மருந்து ஏற்றுகிறோம். கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் நெருக்கப்படுவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. அவனோ நன்றாகவே நடக்கிறான். அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: நடக்கிறான் என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு நடந்த தூரத்தில் பாதிக்கே இப்போது தூக்கச் சொல்கிறானா? சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறானா? இந்நோயில் மணிக்கட்டு இயல்பாகவே தளர்ந்திருப்பதால், தண்டுவடம் நசுங்குவதையும் மூட்டுக் கோளாறு என்றே ஒதுக்கிவிடுகிறார்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் முளை இவர்களுக்குச் சரியாக வளர்வதில்லை. என்சைம் அதை வளர்த்துத் தராது. நெருக்கும் எலும்பை அகற்றி, ஆடும் எலும்புகளை இணைத்துவிட்டால் தலையைத் திருப்புவது குறையும், தண்டுவடம் பிழைக்கும்.

படம் எடுப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். நேராகப் படுக்கவைத்து எடுத்த படத்தில் நெருக்கமே தெரியாமல் போகலாம். குனிந்தால்தான் எலும்பு நழுவும். அதனால் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். பிள்ளை தானாகக் குனிய வேண்டும், யாரும் தலையைப் பிடித்து அழுத்தக்கூடாது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், சிலருக்குக் குனிந்த நிலையில் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும்.

எனக்குக் கத்தியைவிட மயக்க மருந்தில்தான் அச்சம். இவர்களின் மூச்சுக்குழாய் குறுகலானது. குழாய் செருகக் கழுத்தைப் பின்னால் வளைத்தால் அங்கேயே தண்டுவடம் காயப்படலாம். காதுக்கோ குடலிறக்கத்துக்கோ மயக்கம் கொடுப்பதானாலும் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். ‘உடனே தேதி வாங்கித் தருகிறேன், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்’ என்று வரும் தரகருக்கு இதெல்லாம் தெரியாது, கமிஷன் தெரியும். அவர் காட்டும் மருத்துவமனையில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மயக்க மருத்துவர் இந்நோயுள்ள எத்தனை பிள்ளைகளைக் கையாண்டிருக்கிறார்? பதிலுக்கு அறுவை நிபுணரின் விருதுகளைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நரம்பு மருத்துவர் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவார், அவர் மரபணு மருத்துவரிடம் அனுப்புவார். நடுவில் கோப்பைத் தூக்கி அலைவது நீங்கள்தான். அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் ஒரு மணி நேர வேலை! அப்படி ஒரு கூட்டத்தை நீங்களே எழுத்தில் கேளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் கொடுங்கள். அறுவை நிபுணர் படத்தைத் தாமே பார்க்க வேண்டும். அதுவரை குட்டிக்கரணம் வேண்டாம். நடை குறைந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.