மூலக்கூறு பார்க்க எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

கேள்வி: மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் புரத வடிவங்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தொழில்முறை வேலைக்கான வொர்க்ஸ்டேஷன் கார்டுதான் சரி என்கிறார் கடைக்காரர். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

பதில்: தேவையில்லை. சாதாரணப் புரதத்தைச் சுழற்றிப் பார்க்க கேம் ஆடுபவர்கள் வாங்கும் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் வரிசையில் நடுத்தரக் கார்டே தாராளம். கண்ணாடி மாட்டிக்கொண்டு முப்பரிமாணத்தில் பார்க்கும் குவாட்-பஃபர் ஸ்டீரியோ வேண்டுமென்றால் மட்டும் அந்த விலையுயர்ந்த கார்டு பக்கம் போங்கள். இரண்டு படங்களை அருகருகே வைத்து மாறுகண் போட்டுப் பார்க்க எந்தக் கார்டும் போதும்.

கேள்வி: புதுக் கார்டு போட்டும் பைமாலில் ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுத் தரமான படம் வரையும் 'ரே' கட்டளையைக் கொடுத்தால் பழைய வேகம்தான். கார்டில் கோளாறா?

பதில்: கார்டு மேல் பழி இல்லை. அந்த வேலையைச் செய்வது பிராசஸர். கோர் அதிகமுள்ள பிராசஸர் வாங்கினால்தான் வேகம் கூடும். கார்டிலேயே இந்த ரே டிரேசிங் வேலை நடக்க வேண்டுமானால், விஎம்டி என்ற இன்னொரு மூலக்கூறு மென்பொருளில் அதற்கான ஆப்டிக்ஸ் வசதி உண்டு. அதற்கு என்விடியா கார்டு வேண்டும்.

கேள்வி: துறைக் கணினி சின்ன கேபினெட். பவர் சப்ளையும் சிறியது.

பதில்: மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டு பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, ஆர்டிஎக்ஸ் ஏ2000, இரண்டுமே 70 வாட். வாங்கும் முன் கேபினெட்டின் உயரத்தையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: கிரையோ-இஎம் மேப் (உறையவைத்த மூலக்கூறை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து உருவாக்கும் முப்பரிமாண வரைபடம்) பார்க்கிறேன். கார்டின் நினைவகம் 8 ஜிபியா, 16 ஜிபியா?

பதில்: கணக்கே போட்டுவிடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 512 புள்ளி கொண்ட மேப்பில் மொத்தம் 13 கோடிக்கும் மேல் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 512 எம்பி. ஒன்றிரண்டு மேப் என்றால் 8 ஜிபியில் ஓட்டலாம். ஆனால் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லையே! தரவின் இரு பாதிகளிலிருந்து செய்த இரண்டு பாதி மேப், கூர்மையாக்கிய மேப், வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மாஸ்க், மேலே அணு மாடல் என்று அடுக்கிக்கொண்டே போவோம். மேற்பரப்பு வரைந்தால் அந்த முக்கோணங்களும் கார்டின் நினைவகத்தில் உட்காரும். அதனால் காசு இருந்தால் 16. இல்லையென்றால் முதலில் கணினியின் ரேமைக் கூட்டுங்கள். மேப்பும் அங்கேதான் ஏறுகிறது, மேற்பரப்பைக் கணக்கிடுவதும் பிராசஸர்தான். திணறினால், மேப் பார்க்கும் கைமெராஎக்ஸ் மென்பொருளில் ஸ்டெப்பை 2 ஆக்கிப் பாருங்கள்; ஒவ்வொரு திசையிலும் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை மட்டும் எடுக்கும், தரவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

கேள்வி: ஏஎம்டி மலிவாக இருக்கிறதே?

பதில்: பார்க்க மட்டும் என்றால் வாங்கலாம். மூலக்கூறின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷனும் ஓட்டுவீர்கள் என்றால் என்விடியாதான் தலைவலி குறைவு. சிமுலேஷன் மென்பொருளான க்ரோமாக்ஸ் ஏஎம்டியிலும் ஓடும். ஆனால் விஎம்டியில் என்விடியாவின் குடா தொழில்நுட்பத்தை நம்பியிருக்கும் கணக்கீடுகள் ஓடாது.

கேள்வி: புரதச் சங்கிலியின் முறுக்குக் கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் போட?

பதில்: அதற்குக் கார்டே வேண்டாம்.

கேள்வி: நல்ல கார்டுதான், ஆனாலும் மூலக்கூறு விட்டுவிட்டு நகர்கிறது.

பதில்: கணினியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கும். கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளைக்கு மாற்றுங்கள். அப்புறம் பைமால் திறக்கும்போது வரும் எழுத்துகளில் 'ரெண்டரர்' என்ற வரியில் உங்கள் கார்டின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். லேப்டாப் என்றால் விண்டோஸ் கிராபிக்ஸ் அமைப்பில் பைமாலுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும்.