ஓல்மியின் ஆட்கள்: ஒரு கடிதம்

வணக்கம்.

இத்தாலிய இயக்குநர் எர்மான்னோ ஓல்மி தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்தார் என்று வாசித்தேன். பணமில்லாததுதான் காரணமா? குறும்படம் ஒன்றில் எங்கள் ஊர்க்காரர்களை நடிக்க வைத்தேன், எல்லோரும் விறைத்துப்போய் நின்றார்கள். அவருக்கு மட்டும் எப்படிக் கைகூடியது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பணம் காரணமல்ல, பழக்கம். ஓல்மி மிலானில் எடிசன் மின்நிறுவன ஊழியர். அந்த நிறுவனத்துக்காக ஐம்பதுகளில் நாற்பது ஆவணப்படங்கள் வரை எடுத்தார். வேலை செய்கிறவரிடம் போய் ‘நடி’ என்று சொல்ல முடியாது. வேலை அதன்போக்கில் நடக்கும், கேமராதான் பின்னால் போகவேண்டும். அவரது முதல் கதைப்படமே பனிக்காலத்தில் அணைக்குக் காவலிருக்கும் இருவரைப் பற்றியது.

உங்கள் ஆட்களுக்கு வசனத்தை மட்டும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மனப்பாடம் செய்த வரியைத் தேடும்போது முகம் செத்துவிடும். இன்னொன்று, தேர்ந்த நடிகர் ஐந்து டேக்கிலும் ஒரே இடத்தில் செம்பை எடுப்பார். பழகாதவர் ஒருமுறை வலக்கையில் எடுப்பார், மறுமுறை இடக்கையில். எடிட்டிங்கில் ஷாட்டுகள் ஒட்டாது. ஆனால் பால் கறக்கிறவர் எத்தனை தடவை கறந்தாலும் ஒரே மாதிரிதான் கறப்பார். ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததோடு ஒட்டுவதற்கான இடம் அங்கே தானாகக் கிடைக்கும்.

‘தி ட்ரீ ஆஃப் வுடன் க்ளாக்ஸ்’ (1978) பாருங்கள். வட இத்தாலியின் பெர்கமோ பகுதி விவசாயிகள் தங்கள் வட்டார மொழியிலேயே பேசுகிறார்கள். கிழவர் அன்செல்மோ பேத்தியைக் கூட்டிக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் தக்காளிக்குக் கோழி எச்சம் போடுகிறார். மாட்டுச் சாணத்தைவிட அதில் சூடு அதிகம், மற்றவர்களுக்கு முன்பே பழுத்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கைகளுக்கு மண் புதிதல்ல, அதனால் முகம் தன்பாட்டில் இருக்கிறது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு நான்கும் ஓல்மிதான். எங்கே வெட்டப்போகிறோம் என்று கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போதே தெரிந்த ஆள். மூன்று மணி நேரப் படம், கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கியது.

எதிர்மாறாக, அறுபதுகளின் நடுவில் போப் இருபத்துமூன்றாம் ஜானைப் பற்றிய படத்தில் ஹாலிவுட் நடிகர் ராட் ஸ்டைகரைப் போட்டார். பெர்கமோ குடியானவர் வீட்டுப் பிள்ளையின் கதை அது. ஸ்டைகர் பெரிய நடிகர், ஆனால் அந்தப் படத்தில் அவர் ஒட்டவேயில்லை. நட்சத்திரங்களே ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. 1988இல் ரட்கர் ஹவர் என்ற நட்சத்திரத்தை வைத்து அவர் எடுத்த படம் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் பெற்றது.

முதலில் ஓல்மியின் ‘இல் போஸ்தோ’வின் (1961) கடைசிக் காட்சியைப் பாருங்கள். அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இறந்ததால் காலியான இடத்துக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் வருகிறான். முன்மேசைக்குச் சீனியர்கள் சண்டை போட, அவனுக்குக் கடைசி வரிசைதான் கிடைக்கிறது. சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம், அவன் முகம், அவ்வளவுதான். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டும் பாருங்கள், அந்த முகம் எவ்வளவு குறைவாகச் செய்கிறது என்று புரியும்.

அடுத்த படப்பிடிப்பில் உங்கள் ஊர்க்காரரிடம் அவருக்குப் பழகிய வேலையைக் கொடுங்கள். வேலை பாதி நடந்த பிறகு, எதிரில் நிற்பவரைக் காட்சிக்குத் தேவையான கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் அவருடைய சொந்தச் சொல்லில் வரட்டும்.